பழைய ஐ7-ஆ, புது ஐ3-ஆ? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

இன்டெல் ப்ராசசர்களில் ஐ7 பெரிசு, ஐ3 சிறிசு என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் செல்லும். 2014-இல் வந்த ஐ7-4790-க்கு நாலு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), உச்ச வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நாலு கோர், எட்டு திரெட். உச்ச வேகம் 4.3. தாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓடவிட்டுப் பார்த்தால் ஒற்றைக் கோர் வேகத்தில் அந்த ஐ3 ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஆனாலும் சேலத்தில் இன்றைக்கும் "ஐ7 சிஸ்டம், பிரமாதமாக ஓடும்" என்று சொல்லி பத்து வருசத்துக்கு முந்தைய பெட்டியைத் தலையில் கட்டுவது நடக்கிறது.

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை சுற்று என்பது மட்டும். ஒரு சுற்றில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில்தான் புது டிசைன்கள் முன்னே போயின. 4790 ஒரு சுற்றில் நாலு கட்டளைகளைப் பிரித்தெடுக்கும்; 12100 ஆறு. முன்கூட்டியே எடுத்து வைத்து, வரிசை மாற்றி முடிக்கக் கூடிய கட்டளைகள் முன்னதில் 192, பின்னதில் 512. ஒவ்வொரு கோருக்கும் பக்கத்திலேயே இருக்கும் எல்2 கேஷ் (வேகமான சிறு நினைவகம்) 256 கேபியில் இருந்து 1.25 எம்பி ஆனது. அதனால் தலைமுறை தாண்டி ஒப்பிடும்போது கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே வேண்டாம்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்டெல்லின் டெஸ்க்டாப் சிப்களில் கோடுக்குப் பின் நாலு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை: ஐ7-3770 மூன்றாவது, ஐ5-8400 எட்டாவது. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு: ஐ5-12400 பன்னிரண்டாவது. கடைசியில் எஃப் என்றிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வேண்டும். கே என்றால் பெட்டியில் பெரும்பாலும் கூலர் வராது. டி என்றால் 35 வாட் ரகம், மெதுவாக ஓடும்.

ஏஎம்டியில் பெயரை நம்பினால் மோசம் போவோம். ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் ஒன்றுதான். ஆனால் 5500-இல் எல்3 கேஷ் (கோர்களுக்குப் பொதுவான நினைவகம்) 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி இணையும் பாதை) 3.0; 5600-இல் 32 எம்பி, 4.0. லேப்டாப்பில் இன்னும் மோசம். 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி தெரியும். எந்த ஜென் (ஏஎம்டியின் கோர் டிசைன்) என்ற உண்மையை மூன்றாவது இலக்கம்தான் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 2022-இல் புதுப் பெயரோடு வந்த 7520யு-வின் உள்ளே இருப்பது 2019-இல் முதலில் வந்த டிசைன்.

உங்கள் வேலை எங்கே முட்டுகிறது?

இதைப் பார்க்காமல் ப்ராசசர் வாங்குவது வீண். இருக்கிற மெஷினிலேயே பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களை உண்மையிலேயே காக்க வைக்கும் வேலையை ஓட்டுங்கள். வீடியோ எக்ஸ்போர்ட்டோ, ஜக்கார்டு டிசைன் ஃபைலோ, வருசக் கடைசி கணக்கோ, எதுவானாலும் சரி.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று சிபியு 20-ஐத் தாண்டவில்லை என்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் வில்லன். எஸ்எஸ்டி போடுங்கள், ப்ராசசர் பேச்சையே விட்டுவிடலாம். சேலம் லீ பஜார் மண்டிக் கணக்கு, ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ் சம்பளப் பட்டியல் மாதிரியான வேலைகளில் பெரும்பாலும் இதுதான் கதை. மெமரி 90 சதவீதத்துக்கு மேலே நின்றால் ரேம் போதவில்லை.

சிபியு மொத்தக் கணக்கு 12 அல்லது 13 சதவீதத்தில் அசையாமல் நிற்கிறதா? எட்டு திரெட் உள்ள மெஷினில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடுகிறது என்று அர்த்தம் (100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5). விண்டோஸ் அந்த வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால் தனித்தனி கிராஃப் எதுவும் உச்சியைத் தொடாது. பலர் இதைப் பார்த்து "ப்ராசசர் சும்மாதான் இருக்கிறது" என்று ஏமாறுகிறார்கள். இந்த வகை வேலைக்கு எத்தனை கோர் கூட்டினாலும் பலன் இல்லை. புதுத் தலைமுறையின் மலிவான சிப் போதும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மாடல் வரைகிற கேட் (CAD) வேலை, இளம்பிள்ளையில் சேலை டிசைன் திருத்துகிற வேலை ஆகியவற்றில் வரைகிற நேரம் முழுக்க இப்படித்தான் போகும். அதே மாடலை ரெண்டர் செய்யும்போது மட்டும் எல்லாக் கோரும் எழும்பும்.

மொத்தமே 100-ஐத் தொட்டு நின்றால்தான் கோர் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கலாம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 12400, 14400 போல உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற இன்டெல் சிப்களில் குயிக் சிங்க் இருக்கிறது. எச்.264, எச்.265 எக்ஸ்போர்ட்டை அது தனியாகப் பார்த்துக்கொள்ளும். எஃப் ரகம் வாங்கி மிச்சம் பிடிக்கிற சொற்பப் பணத்துக்கு அது போய்விடும்.

சிப்புக்கு அல்ல, செட்டுக்கு விலை போடுங்கள்

கடையில் ப்ராசசர் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ப்ராசசர், மதர்போர்டு, ரேம், கூலர், தேவைப்பட்டால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் சேர்ந்ததுதான் விலை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) போர்டும் இன்டெல்லின் எல்ஜிஏ1851 போர்டும் டிடிஆர்5 ரக ரேமை மட்டும்தான் ஏற்கும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4-க்கு டிடிஆர்4. நடுவில் இருக்கிற இன்டெல்லின் எல்ஜிஏ1700-இல் இரண்டு வகை போர்டும் உண்டு. ஒரே எச்610 பெயரில் டிடிஆர்4 போர்டும் இருக்கும், டிடிஆர்5 போர்டும் இருக்கும். பெட்டியைப் படிக்காமல் வாங்கினால் கையில் இருக்கும் ரேம் ஏறாது. ரேமின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி ஏற்றப் பார்க்காதீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து இந்த ஒரு விஷயமே முடிவை மாற்றிவிடுகிறது: ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 வைத்திருப்பவர் புதுப் பிளாட்ஃபார்முக்குத் தாவ ஒரு ப்ராசசர் விலையை ரேமுக்கே கொடுக்க வேண்டி வரலாம்.

விலை வாரத்துக்கு வாரம் மாறும். முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, பழைய தலைமுறை செட் ₹15,000, உங்கள் எக்ஸ்போர்ட் ஒன்றுக்கு 10 நிமிடம். புதுச் செட் ₹27,000, அதே வேலைக்கு 7 நிமிடம். ஒரு நாளைக்கு ஆறு எக்ஸ்போர்ட் என்றால் மிச்சம் 18 நிமிடம். மாதம் 25 நாளில் ஏழரை மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ₹100 மதிப்பு போட்டால் மாதம் ₹750, கூடுதல் ₹12,000 திரும்பி வர 16 மாதம். ஆனால் ராத்திரி கடையைச் சாத்தும்போது எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் போகிறவருக்கு மிச்சம் பூஜ்ஜியம். அவர் பழைய செட்டையே வாங்கலாம்.

கரண்ட் பில்லையும் இதில் சேர்க்கச் சொல்வார்கள். சேருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பழைய மெஷின் 40 வாட் அதிகம் இழுக்கிறது என்று வைத்தால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு 0.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 50 வேலை நாளுக்கு 20 யூனிட். யூனிட் ₹8 என்று போட்டாலும் ₹160. ப்ராசசர் பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட், 95 வாட் என்ற எண்ணை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள். ஆபீஸ் மெஷின் முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கும். ஐ5-12400-இல் எழுதியிருப்பது 65 வாட், டர்போவில் (தற்காலிக உச்ச வேகத்தில்) 117 வரை போகும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்தால் போதும்.

பழைய சாக்கெட்டின் உச்ச சிப்: விலை ஏன் இறங்குவதில்லை

இங்கேதான் பலரும் ஏமாறுவது. எல்ஜிஏ1151 போர்டு வைத்திருக்கும் ஒருவர் ஐ3-6100-இல் இருந்து மேலே போக நினைத்தால் அவருக்கு இருக்கிற கடைசிப் படி ஐ7-7700 (அல்லது அதன் கே ரகம்). அதே போர்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதுதான் கடைசிப் படி. புது சரக்கு வராது, கேட்கிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அதனால் அந்தச் சிப்பின் செகண்ட் ஹேண்ட் விலை அதன் வேகத்துக்குப் பொருந்தாமல் நிற்கும். புது ஐ3-12100 அதைத் தாராளமாக முந்தும். கூடவே வாரண்டியும் உண்டு.

அதோடு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) வேண்டும், இன்டெல்லில் எட்டாவது தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் இருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ஒரு சில சிப்களைத் தவிர ஏழாவது தலைமுறை அதில் வராது, 7700-உம் வராது. சுற்றுவழியில் ஏற்றலாம் என்பார்கள். வங்கி வேலை, ஜிஎஸ்டி ஃபைலிங் நடக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். இன்னொரு குழி: எட்டாவது, ஒன்பதாவது தலைமுறை சிப்பும் 1151 சாக்கெட்தான், ஆனால் ஆறாவது தலைமுறை போர்டில் ஓடாது. உட்காரும், ஓடாது.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7-ஐப் புது எச்61 போர்டில் போட்டு "புது சிஸ்டம்" என்று விற்பதை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம். அவற்றில் ஏவிஎக்ஸ்2 (ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் கட்டளைத் தொகுப்பு) கிடையாது. இப்போதைய எடிட்டிங், டிசைன் மென்பொருள் சில திறக்கவே மறுக்கும்.

இதற்கு நேர்மாறானது ஏஎம்4. 2017-இல் ரைசன் 1000 வரிசையோடு வாங்கிய போர்டில் 2022-இல் வந்த 5600-ஐப் போடலாம். எட்டு கோர் வேண்டுமானால் 5700எக்ஸ். ஏஎம்4 வைத்திருப்பவருக்கு எங்கள் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: போர்டையும் ரேமையும் தொடாதீர்கள், சிப்பை மட்டும் மாற்றுங்கள்.

ஏஎம்4-இல் சிப் மாற்றும் முறை

1. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெயின்போர்டு பக்கத்தில் மாடல், பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வெர்ஷன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டின் மேலேயே ரிவிஷன் எண் அச்சிட்டிருக்கும், 1.0-க்கும் 2.0-க்கும் பயாஸ் ஃபைல் வேறாக இருக்கலாம்.

2. போர்டு கம்பெனி தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலைப் பாருங்கள். உங்கள் சிப்புக்கு எதிரே குறைந்தபட்ச பயாஸ் வெர்ஷன் போட்டிருக்கும். பட்டியலில் இல்லாத சிப்பை "ஓடும் சார்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஏ320 போன்ற மலிவு போர்டில் எட்டு கோர் போட்டால், சிப்புக்கு வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் பகுதிக்கு ஹீட்சிங்க் கூட இல்லாமல் கொதிக்கும். அங்கே 5600-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருந்தால் ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு சஸ்பெண்ட் செய்யுங்கள். இதை விட்டால், புது சிப் போட்ட பிறகு டிபிஎம் மாறியதால் டிரைவ் பூட்டிக்கொள்ளும்.

4. பயாஸ் அப்டேட்டை பழைய சிப் இருக்கும்போதே முடியுங்கள். பென்டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். யுபிஎஸ் கட்டாயம். ஃபிளாஷ் நடுவே கரண்ட் போனால் போர்டு எழும்பாது. புரோகிராமர் கருவி வைத்திருக்கும் சர்வீஸ்காரரைத் தேட வேண்டும். சில புது பயாஸ் மிகப் பழைய சிப்களைக் கைவிடும், அதனால் தளத்தில் இருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

5. பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். ஹீட்சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். இறுகிய பேஸ்ட் ப்ராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் ஏஎம்4-இல் சிப்பின் அடியில் இருப்பதால் வளையும். இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

6. லீவரைத் தூக்கி, சிப்பின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். தானாக விழ வேண்டும். அழுத்தம் தேவைப்பட்டால் ஏதோ ஒரு பின் வளைந்திருக்கிறது.

7. பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்டை நடுவில் வைத்துக் கூலரை இறுக்குங்கள். திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

8. முதல் தடவை திரை கறுப்பாகவே கொஞ்ச நேரம் நிற்கலாம். உடனே சுவிட்சை அணைக்காதீர்கள். எஃப்டிபிஎம் (சிப்போடு சேர்ந்த டிபிஎம்) ரீசெட் கேட்டால், ரெக்கவரி கீ கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகு ஒய் அழுத்துங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். இதைச் செய்யாததால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோ வருசக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் ஏராளம். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும்.

எல்ஜிஏ1700-க்கு மாறுகிறவர்கள் பழைய கூலரை எடுத்துவைத்துப் பயனில்லை. துளை இடைவெளி 75 மில்லிமீட்டரில் இருந்து 78 ஆகிவிட்டது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சிபியுவுக்கு நாலு பின் வயர்தான் இருக்கும், புது போர்டு எட்டு பின் கேட்கும். கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

ப்ராசசர் எளிதில் சாகாது, சாவது போர்டு. அதனால் செகண்ட் ஹேண்டில் சிப் வாங்கத் துணியலாம், போர்டு வாங்க யோசியுங்கள். ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். சிபியு-இசட்டில் வரும் பெயரை மேல் மூடியில் இருக்கும் எழுத்தோடு ஒப்பிடுங்கள், மூடியை மாற்றி அச்சடிப்பது உண்டு. இன்டெல் மூடியில் மாடல் பெயருக்குப் பதிலாக இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தாலோ, எஸ்-இல் தொடங்க வேண்டிய சிறு குறியீடு க்யூ-வில் தொடங்கினாலோ அது சோதனைச் சிப், வேண்டாம். 7-ஜிப் (7-Zip) மென்பொருளில் இருக்கும் பெஞ்ச்மார்க்கை ஒரு திரெட்டிலும் எல்லா திரெட்டிலும் ஓட்டி, இருக்கிற மெஷினோடு ஒப்பிடுங்கள். இலவசம், பத்து நிமிடத்தில் முடியும்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிப்களை, குறிப்பாகக் கே ரகத்தை, பழையதாக வாங்கவே வேண்டாம். அதிக வோல்டேஜ் வாங்கி உள்ளே சிதையும் பிரச்சினையை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு அப்டேட் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், வந்துவிட்டதைச் சரிசெய்யாது. முந்தைய உடைமையாளர் அப்டேட் போடாமல் எத்தனை மாதம் ஓட்டினார் என்பதை மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டாவது தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

புதியது என்றால் பாக்ஸ் பீஸா, டிரேயா (கம்பெனிப் பெட்டி இல்லாமல் வரும் சிப்) என்று கேளுங்கள். பாக்ஸ் பீஸுக்கு மூன்று வருடக் கம்பெனி வாரண்டி. டிரேக்குக் கடைக்காரர் எழுதிக் கொடுப்பதுதான் வாரண்டி. சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய் குறையலாம். போர்டு போய்விட்டால் அங்கே தூக்கிக்கொண்டு போய்வரும் செலவையும் அதில் கழித்துப் பாருங்கள். சேலம் ஐந்து ரோடு பக்கமே ஜிஎஸ்டி பில்லோடு வாங்குவதில் தப்பில்லை.

வெயில், பஞ்சு, பனி

விமர்சனங்களில் வரும் வெப்ப அளவு பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்தது. 25 டிகிரி அறையில் 75-இல் நிற்கும் சிப், ஏப்ரல் மே மாதம் ஷீட் கூரைக்கு அடியில் 40 டிகிரியில் 90-ஐத் தொடும். சூடு அறை வெப்பத்தின் மேல்தான் ஏறுகிறது. ரைசன் 5600-இன் எல்லை 90, ஐ5-12400-க்கு 100. எல்லையைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, காசு கொடுத்து வாங்கிய புது வேகம் மத்தியானம் இரண்டு மணிக்குக் காணாமல் போகும். எச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நேரத்தில் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிச் சோதியுங்கள். தாங்கவில்லை என்றால் 12400-இன் டர்போ வரம்பை 117-இல் இருந்து 65 வாட்டுக்கு இறக்குங்கள். 7600எக்ஸ் போன்ற சிப்பில் ஈகோ மோட் இருக்கிறது. வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும்.

கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் தறிக்கூடத்தை ஒட்டி மெஷின் இருந்தால் வேறு பிரச்சினை. வெளியே இருந்து பார்த்தால் கூலர் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள்: ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு சாம்பல் நிறக் கம்பளித் துண்டாகப் படிந்து, விரலால் பிடித்தால் வட்டமாக உரிந்து வரும். காற்று உள்ளே போகவே வழியிருக்காது. பிளோயரை மேலிருந்து அடித்தால் இது இன்னும் உள்ளே இறுகும். ஃபேனைக் கழற்றி, கையால் உரித்த பிறகு அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். "பழைய ப்ராசசர் மெதுவாகிவிட்டது" என்று வரும் மெஷின்களில் இதைச் செய்தாலே புதுச் சிப்புக்கான தேவை போய்விடுவதும் உண்டு.

ஏற்காட்டில் சூடு கவலை இல்லை, ஈரம்தான். மழை மாதங்களில் நாள்கணக்கில் அணைத்து வைத்த மெஷினில் ரேம் காண்டாக்ட் கறுத்து பீப் ஒலியோடு நிற்கும். வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்டால் எழும்பும். அங்கே வாரக் கடைசியிலும் ஒரு மணி நேரமாவது மெஷினை ஓடவிடுங்கள். மேலே சொன்னபடி அந்த ஆபீஸ் வேலைக்கு ப்ராசசர் வேகம் பெரிதாக வேண்டாம் என்பதால், எஸ்டேட் ஆபீஸுக்கு வாங்கும்போது டர்போ எண்ணைப் பார்க்காமல், உள்ளே கிராபிக்ஸ் உள்ள சாதாரண ஐ3-ஐயும் நல்ல யுபிஎஸ்ஸையும் எடுங்கள்.

பழைய சிப்பை விற்கும்போது ஏஎம்4 என்றால் பின்கள் ஃபோமில் குத்தாமல் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துக் கொடுங்கள். புதுச் சிப் வந்த கூடே போதும். ஆறாவது, ஏழாவது தலைமுறை ஐ7 வைத்திருப்பவர்கள் போர்டோடு சேர்த்து விற்காதீர்கள். மேலே சொன்ன அதே காரணத்தால் தனியாக விற்றால்தான் அதற்கு நல்ல விலை.